சியாட்டில் நகரம் மாநிலத்திடம் எதைக் கேட்பது என்று எப்படி முடிவு செய்கிறது?

2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் சியாட்டில்தான். சட்டத்தைக் கொண்டுவந்தவர் புனேயில் பிறந்த மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். ஆதரவாக 6 வாக்கு, எதிராக 1. அந்தச் செய்தி நம் பலருக்கும் நினைவிருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அதே சாவந்த் வாடகைக்கு உச்சவரம்பு கொண்டுவரும் சட்டத்தை அதே மன்றத்தின் முன் வைத்தார். அது தோற்றுப்போனது. ஒருவேளை வென்றிருந்தாலும் மறுநாள் யாருடைய வாடகையும் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. நகரங்கள் வாடகையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலத்தில் 1981 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. மாநிலம் அந்தத் தடையை நீக்கும் நாளில் இது அமலுக்கு வரும் என்றுதான் அந்த வரைவே சொன்னது.

ஒரே மன்றம் ஒரு விஷயத்தைத் தானே செய்ய முடிந்தது, இன்னொன்றுக்கு மாநிலத்தின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. ஏன்? இதற்கான பதில் புரிந்தால், அமெரிக்க நகரங்கள் ஆண்டுதோறும் 'மாநிலச் சட்டமன்ற முன்னுரிமைகள்' என்ற பெயரில், மாநிலத்திடம் கேட்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றை ஏன் தயாரிக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

(இங்கே வாஷிங்டன் என்றால் மேற்குக் கரையில் இருக்கும் மாநிலம். வெள்ளை மாளிகை இருக்கும் ஊர் வேறு. இந்த மாநிலத்தின் தலைநகர் ஒலிம்பியா, சியாட்டிலுக்குத் தெற்கே சுமார் 60 மைல்.)

அமெரிக்க அரசியலமைப்பில் மத்திய அரசைப் பற்றியும் மாநிலங்களைப் பற்றியும் நிறைய இருக்கிறது. நகரங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் நகரத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போனது. 1868-இல் அயோவா மாநிலத்து நீதிபதி ஜான் டில்லன், நகரங்கள் மாநிலச் சட்டமன்றத்தால் உண்டாக்கப்பட்டவை, அவற்றின் அதிகாரமும் அங்கிருந்தே வருகிறது என்று தீர்ப்பு எழுதினார். மாநிலம் நினைத்தால் நகரத்தின் அதிகாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதை 1907-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

எல்லா மாநிலமும் ஒரே அளவுக்குக் கறாராக இல்லை. வாஷிங்டன் 1889-இல் மாநிலமானபோது எழுதிய அரசியலமைப்பு, மாநிலத்தின் பொதுச் சட்டங்களோடு மோதாதவரை நகரங்கள் தங்கள் எல்லைக்குள் ஒழுங்குமுறைகளைச் செய்துகொள்ளலாம் என்கிறது. சாதிப் பாகுபாட்டுத் தடை எந்த மாநிலச் சட்டத்தோடும் மோதவில்லை, அதனால் நகரமே செய்தது. வாடகை விஷயத்தில் மாநிலம் முன்பே கதவைப் பூட்டிவிட்டது. துப்பாக்கி விஷயத்திலும் அப்படித்தான், 1980களிலேயே அந்த அதிகாரத்தை மாநிலம் முழுவதுமாகத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. வரி என்று வந்தால் இன்னும் கண்டிப்பு: மாநிலச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தால்தான் ஒரு நகரம் புது வரி போட முடியும்.

ஆக நகரம் ஒலிம்பியாவுக்குப் போய்க் கேட்டே ஆக வேண்டும். கேட்பதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது. அந்த வேலையின் பெயர்தான் லாபியிங்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மேஜைக்கு அடியில் கைமாறும் பணம்தான் ஞாபகம் வரும். நகரங்கள் செய்யும் லாபியிங் பொதுப் பணத்தில் நடப்பதால் அதற்கு இங்கே தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அரசு அமைப்புகள் தங்கள் அலுவல் சார்ந்த விஷயங்களில் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசலாம், தகவல் கொடுக்கலாம். பொதுப் பணத்தில் பரிசு வாங்கிக் கொடுக்கக் கூடாது, தேர்தல் நன்கொடை தரக் கூடாது, 'உங்கள் உறுப்பினருக்குப் போன் போட்டு நெருக்குங்கள்' என்று மக்களைத் திரட்டும் பிரசாரமும் செய்யக் கூடாது. எவ்வளவு செலவானது என்று காலாண்டுக்கு ஒருமுறை மாநிலத்தின் பொது வெளிப்படுத்தல் ஆணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சியாட்டிலில் இதைப் பார்த்துக்கொள்வது அரசுகளுக்கிடையேயான உறவுகள் அலுவலகம். மேயரின் நிர்வாகத்துக்குக் கீழே வருவது. ஆனால் பட்டியலுக்கு ஒப்புதல் தருவது 9 உறுப்பினர்கள் கொண்ட நகர மன்றம், அதுவும் தீர்மானம் போட்டு. மேயருக்கும் மன்றத்துக்கும் ஒத்துப்போகாத விஷயம் இருந்தால், ஒலிம்பியாவில் நகரம் இரண்டு குரலில் பேச முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் வாசகம் பொத்தாம்பொதுவாக மாறிவிடும். பட்டியலைப் படிக்கும்போது திடீரென்று ஒரு பத்தி வழவழவென்று இருந்தால், அங்கே உள்ளுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருந்திருக்கலாம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எல்லாமே சட்டமன்றத்தின் நாள்காட்டியை ஒட்டித்தான் நகரும். வாஷிங்டன் சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டு என்றால் 105 நாள், இரட்டைப்படை ஆண்டு என்றால் 60 நாள். மாநில பட்ஜெட் இரண்டு ஆண்டுக்கானது, ஒற்றைப்படை ஆண்டில் நிறைவேறும். ஆகவே பெரிய பணக் கோரிக்கைகளுக்கு ஒற்றைப்படை ஆண்டுதான் தோது. 60 நாள் கூட்டத்தொடரில் பட்ஜெட்டுக்குத் திருத்தங்கள்தான் நடக்கும், அங்கே போய்ப் பெரிய தொகை கேட்டால் கதை ஓடாது.

ஜனவரியில் பேச வேண்டுமென்றால் வேலை கோடையிலேயே தொடங்க வேண்டும். அலுவலகம் ஒவ்வொரு துறையிடமும் என்ன வேண்டும் என்று கேட்கும். போக்குவரத்து, காவல், தீயணைப்பு, வீட்டுவசதி என்று துறைகள் ஏராளம். மின்சார விநியோகம்கூட இங்கே நகரத்துக்குச் சொந்தம், சியாட்டில் சிட்டி லைட் என்ற பெயரில் நடக்கிறது. அதற்கு அணைகள், மின் கட்டணம், சுற்றுச்சூழல் விதிகள் என்று தனிக் கவலைகள். அப்புறம் மன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல். தொழிற்சங்கங்கள், வாடகைதாரர் அமைப்புகள், வணிகர் சங்கங்கள் ஆகியோரும் உறுப்பினர்களின் காதில் போட்டுவைப்பார்கள். இப்படிக் குவிவதை எல்லாம் தூக்கிக்கொண்டு போனால் ஒலிம்பியாவில் யாரும் காதுகொடுத்துக் கேட்க மாட்டார்கள். அங்கே 49 தொகுதிகள், 49 செனட் உறுப்பினர்கள், 98 பிரதிநிதிகள். ஒவ்வொருவரின் அறை வாசலிலும் பள்ளி மாவட்டம், மருத்துவமனை, விவசாயிகள் சங்கம், இன்னொரு நகரம் என்று வரிசை நிற்கும்.

எனவே கழித்துக்கட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரு கோரிக்கை மேலே வருமா என்பதை முடிவு செய்யும் கேள்விகள் கேட்பதற்கு எளிமையானவை. இதை உண்மையிலேயே மாநிலம்தான் செய்ய வேண்டுமா, நகரமே ஒரு சட்டம் போட்டு முடித்துக்கொள்ள முடியாதா? மசோதாவைத் தன் பெயரில் அறிமுகப்படுத்த முன்வரும் உறுப்பினர் யார்? இதனால் யாருக்கு நஷ்டம், அவர்கள் எவ்வளவு பலமாக எதிர்ப்பார்கள்? கேட்பது பணமா, அதிகாரமா? இதையே கேட்கும் வேறு நகரம் உண்டா?

கடைசிக் கேள்விதான் சியாட்டிலுக்கு எப்போதும் கொஞ்சம் சிக்கல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் 7,37,015 பேர். மாநிலத்தில் 77,05,281 பேர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நகரத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒன்றாக நின்றாலும் ஒரு மசோதா தேறாது. மாநிலத்தின் கிழக்குப் பக்கத்து ஊர்களான யாக்கிமாவிலிருந்தும் ஸ்போக்கேனிலிருந்தும் வருபவர்களின் வாக்கு வேண்டும். 'இது சியாட்டில்காரர்கள் கேட்பது' என்ற முத்திரை விழுந்தாலே சில உறுப்பினர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அதனால் பல கோரிக்கைகளை வாஷிங்டன் நகரங்கள் சங்கத்தின் வழியாக நகர்த்துவது வழக்கம். மாநிலத்தின் 281 நகரங்களும் அதில் உறுப்பினர்கள். எல்லா நகரமும் சேர்ந்து கேட்பதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் 281 நகரங்களும் ஒத்துக்கொள்ளும்படி ஒரு கோரிக்கையைச் செதுக்கும்போது அதன் முனை மழுங்கிவிடவும் கூடும்.

அப்படி எல்லா நகரங்களையும் ஒரே மாதிரி அழுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது: சொத்து வரியின் 1 சதவீத வரம்பு. 2001-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது அது. நகரத்தின் மொத்தச் சொத்து வரி வசூல், புதிதாகக் கட்டிய கட்டடங்களின் கணக்கைத் தவிர, ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது, அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். 2007 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. விலைவாசியும் சம்பளமும் 1 சதவீதத்தோடு நிற்பதில்லை. அதனால் நகரங்கள் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லித் தொடர்ந்து கேட்டு வருகின்றன. 2025-இல் 3 சதவீதம் வரை உயர்த்த வழிசெய்யும் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. வீட்டு உரிமையாளர்களின் வரியை உயர்த்தினார் என்ற பெயரோடு தேர்தலுக்குப் போக யார்தான் விரும்புவார்கள்?

சரி, வென்ற கோரிக்கை ஒன்றைப் பார்ப்போம். பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

சியாட்டில் நகர மையத்தில் நெரிசல் நேரத்தில், பச்சை விளக்கு எரிகிறதே என்று கார்கள் சந்திப்புக்குள் நுழைந்துவிடும். முன்னால் இடம் இருக்காது. விளக்கு மாறும்போது நடுச்சந்திப்பிலும், பாதசாரிகள் கடக்கும் கோடுகளின் மேலும் கார் நிற்கும். கால் நன்றாக உள்ளவர் வளைந்து நெளிந்து போய்விடுவார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது சாத்தியமில்லை. கார்களுக்கு நடுவே ஓடும் போக்குவரத்துக்குள் இறங்கிச் சுற்ற வேண்டும், அல்லது அடுத்த விளக்குக்குக் காத்திருக்க வேண்டும். பேருந்துக்கான தனித் தடத்திலும் கார்கள் புகுந்துவிடும். ஒரு கார் மறித்தால் பின்னால் பேருந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தாமதம்.

இதெல்லாம் ஏற்கெனவே குற்றம்தான். பிடிப்பதுதான் பிரச்சினை. நெரிசலின் நடுவே போலீஸ்காரர் ஒரு காரை ஓரங்கட்டினால் அதுவே இன்னொரு நெரிசல். கேமரா வைத்தால் தீரும். ஆனால் எந்தெந்தக் குற்றத்துக்கு நகரம் கேமரா வைக்கலாம் என்பதை மாநிலச் சட்டம் வரையறுத்திருந்தது, அதில் இவை இல்லை. நகரமே கம்பம் நட்டுக் கேமரா மாட்டினாலும் அபராதச் சீட்டு செல்லாது.

இந்தக் கோரிக்கையை மேலே சொன்ன கேள்விகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலம்தான் செய்ய முடியும். கேட்பது பணம் அல்ல, அதிகாரம், அதனால் பட்ஜெட்டில் யாருடைய பங்கும் குறையாது. மசோதாவைக் கொண்டுவர ஜோ ஃபிட்ஸ்கிப்பன் என்ற பிரதிநிதி இருந்தார், மேற்கு சியாட்டிலை உள்ளடக்கிய தொகுதிக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, நகரம் தனியாக நிற்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகளும் பொதுப் போக்குவரத்து ஆர்வலர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சட்டமன்றக் குழுவின் முன் நகர அதிகாரி ஒருவர் புள்ளிவிவரம் வாசிப்பதற்கும், சக்கர நாற்காலியில் அந்தச் சந்திப்பைத் தினமும் கடப்பவர் பேசுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்படியும் முதல் முயற்சியில் கிடைக்கவில்லை. 2019-இல் 1793 என்ற எண்ணோடு வந்த மசோதா அந்த ஆண்டு தேறவில்லை. வாஷிங்டனில் ஒற்றைப்படை ஆண்டில் தேறாத மசோதா அடுத்த ஆண்டும் அதே எண்ணோடு உயிரோடு இருக்கும். 2020-இல் நிறைவேறியது. தனிமனித அந்தரங்கம் பற்றிய கவலையும், இது வசூல் வேட்டை என்ற குற்றச்சாட்டும் எழுந்ததால், வெளியே வந்தது கேட்டதைவிட ஒடுக்கமான சட்டம். சோதனை முயற்சியாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். 5 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்துக்கு மட்டும், அதாவது சியாட்டிலுக்கு மட்டும். முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம், அடுத்த தடவையிலிருந்து அபராதம், அதுவும் 75 டாலருக்கு மேல் போகக் கூடாது. வசூலில் பாதி மாநிலத்தின் பாதசாரி, சைக்கிள் பாதுகாப்பு நிதிக்கு. அந்த வரிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வாக்குக்குக் கொடுத்த விலை. சோதனைக் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

பட்டியலில் மேல் வரிசையில் இடம் பிடிப்பவை இப்படிப்பட்டவைதான்: குறிப்பான கோரிக்கை, கொண்டுபோக ஆள், கூட நிற்கக் கூட்டாளி. ஆனால் ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் அதற்குக் கீழே துறைவாரியாக நீளமான நிலைப்பாடுகள் இருக்கும். வீட்டுவசதிக்குக் கூடுதல் நிதியை ஆதரிக்கிறோம், உள்ளூர் அதிகாரத்தைப் பறிக்கும் மசோதாக்களை எதிர்க்கிறோம், பணம் தராமல் எங்கள் தலையில் கடமையை மட்டும் கட்டாதீர்கள் என்ற தினுசில். முதல்முறை படிப்பவருக்கு இது சம்பிரதாயமாகத் தோன்றும். அதற்கு ஒரு நடைமுறைத் தேவை இருக்கிறது. கூட்டத்தொடரில் ஒரு மசோதாவுக்குக் காலையில் திருத்தம் வரும், மாலையில் குழு வாக்கெடுப்பு நடக்கும். நகரத்தின் நிலை என்ன என்று லாபியிஸ்ட் உடனே சொல்ல வேண்டும். மன்றத்தைக் கூட்டித் தீர்மானம் போட நேரம் ஏது? அந்தப் பொது வாசகங்கள்தான் அவருக்கு மன்றம் முன்கூட்டியே கொடுத்த அதிகாரம். அவர் அதைத் தாண்டிப் பேசினால் மன்றம் கேள்வி கேட்கலாம். அதனால் சலிப்பாக இருக்கும் அந்தப் பக்கங்களைத்தான் நான் அதிகக் கவனத்தோடு படிக்கச் சொல்வேன்.

தற்காப்பும் பெரிய வேலை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் வந்து விழும் மசோதாக்கள் ஏராளம், அவற்றில் எது நகரத்தின் கையைக் கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய 1110-ஆம் எண் மசோதா, 75,000 பேருக்கு மேல் உள்ள நகரங்கள் சாதாரணக் குடியிருப்பு மனையில் 4 வீடுகள் வரையும், முக்கியப் போக்குவரத்து நிறுத்தங்களுக்கு அருகே 6 வரையும் அனுமதிக்க வேண்டும் என்றது. வீட்டுப் பற்றாக்குறை தீர இது அவசியம் என்றவர்களும், நிலப் பயன்பாட்டை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற நகரங்களும் இருந்தன. உள்ளூர் அதிகாரம் என்ற கொள்கையும் நல்ல விளைவு என்ற நோக்கமும் எதிரெதிரே நிற்கும் நேரங்கள் இவை. எந்தப் பொது வாசகமும் இங்கே உதவாது, மன்றம் உட்கார்ந்து யோசித்துத்தான் நிலை எடுக்க வேண்டும்.

தேறவே தேறாது என்று தெரிந்த கோரிக்கையை ஏன் பட்டியலில் வைக்கிறார்கள்? துப்பாக்கி விஷயத்தில் உள்ளூர் அதிகாரத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று சியாட்டில் கேட்டு வந்திருக்கிறது, சட்டம் அப்படியே இருக்கிறது. இதை வீண் என்று நான் நினைக்கவில்லை. நகரத்தின் விருப்பம் பதிவில் இருப்பதற்கு மதிப்பு உண்டு, ஒருநாள் சூழல் மாறும்போது அது பயன்படும். ஆனால் அப்படிப்பட்டவை மேல் வரிசையை நிறைத்துவிட்டால், கிடைக்கக்கூடியதும் கிடைக்காமல் போகும். வாடகை விஷயம் இன்னொரு விதமாக நகர்ந்தது. 1981-இன் தடை இன்றும் நீடிக்கிறது. ஆனால் 2025 மே மாதம் மாநிலமே ஒரு வரம்பு கொண்டுவந்தது: ஆண்டு வாடகை உயர்வு 7 சதவீதமும் பணவீக்கமும் சேர்ந்த அளவு, அல்லது 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. நகரங்களுக்கு அதிகாரம் வரவில்லை, வாடகைதாரர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு வந்தது.

இதில் குடிமக்களுக்கு இடம் எங்கே? ஜனவரியில் சட்டமன்றக் குழு விசாரணைகளில் இணையவழியே பேசலாம், ஆதரவு, எதிர்ப்பு என்று பதிவு செய்யலாம். அதைப் பலர் செய்கிறார்கள். நகரப் பட்டியல் உருவாகும் நேரத்தில்தான் ஆட்கள் குறைவு. அது இலையுதிர் காலத்தில் நடக்கிறது. அதே நேரம் மேயர் கொடுத்த பட்ஜெட்டை மன்றம் அலசிக்கொண்டிருக்கும், மக்களின் கவனமும் செய்தியாளர்களின் கவனமும் அங்கே போய்விடும். உங்கள் தெருவில் வேகக் கேமரா வேண்டும், பள்ளி அருகே ஒரு விதி மாற வேண்டும், அதற்கு மாநில அனுமதி தேவை என்றால், ஆகஸ்ட், செப்டம்பரில் உங்கள் தொகுதி மன்ற உறுப்பினருக்கு எழுதுவது ஜனவரியில் எழுதுவதைவிடப் பலன் தரும். சென்ற ஆண்டுப் பட்டியலைப் படித்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. இதற்கு வாக்குரிமை வேண்டியதில்லை. எச்1பி விசாவில் இருப்பவரும் நகர மன்றத்தில் கருத்துச் சொல்லலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பெல்வியூ, ரெட்மண்ட் போன்ற பக்கத்து நகரங்களுக்கும் இதே மாதிரி சொந்தப் பட்டியல் உண்டு. இன்னும் சிறிய ஊர்கள் தனி அலுவலகம் வைக்காமல் ஒப்பந்தத்தில் ஒரு லாபியிஸ்டை அமர்த்திக்கொள்ளும். ஊர் சிறிதாக இருந்தால் உங்கள் ஒரு கடிதத்தின் எடையும் கூடும்.

கூட்டத்தொடர் தொடங்கிய பின் கெடு நாட்கள் வரிசையாக வரும். கொள்கைக் குழுவைத் தாண்ட ஒரு நாள், நிதிக் குழுவைத் தாண்ட ஒரு நாள், செனட், பிரதிநிதிகள் அவை என்ற இரண்டில் மசோதா பிறந்த அவையைத் தாண்ட ஒரு நாள், அப்புறம் அடுத்த அவையில் இதே சடங்கு. ஒவ்வொரு கெடுவிலும் கொத்துக் கொத்தாக மசோதாக்கள் விழும். தப்பிப் பிழைத்தது ஆளுநரிடம் போகும். இங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், மசோதாவின் ஒரு பிரிவை மட்டும் நிராகரிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் நகரத்தில் எதுவும் தானாக மாறிவிடாது. மாநிலம் தருவது அனுமதி மட்டும்தான். 2025-இல் நிறைவேறிய 2015-ஆம் எண் மசோதா, பொதுப் பாதுகாப்புக்காக 0.1 சதவீத விற்பனை வரியை, அதாவது 100 டாலருக்கு 10 சென்டை, மக்கள் வாக்கெடுப்பு இல்லாமலே விதிக்க நகர மன்றங்களுக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. அதைப் பயன்படுத்துவதா, விற்பனை வரி ஏழைகளைத்தானே அதிகம் பாதிக்கும், வரும் பணம் போலீசுக்கா, போதை மறுவாழ்வுக்கா என்ற விவாதமெல்லாம் அதன் பிறகு சியாட்டில் மன்றத்தில் நடந்தது. அதே ஆண்டு மன்றம் தனியாக வாக்களித்து அந்த வரியை விதித்தது.